விற்க முடியாத குளவி

பி.காம் படிக்கிற உனக்குப் பூச்சியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இதுவும் காசு விஷயம்தான் மக்களே.

எங்கள் மல்லசமுத்திரம் பக்கம் மரவள்ளியை வெறும் கிழங்கு என்று சொல்லிவிட முடியாது. ஜவ்வரிசி மில், லாரி, கூலி, கடன் என்று பல குடும்பங்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, அதே வருடம் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. குருத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டு, நுனி கொத்தாகக் குறுகிவிடும். மேலே இலை இல்லையென்றால் கீழே கிழங்கு ஏது? உடம்பு முழுக்க மெழுகு மாவு இருப்பதால் மருந்தும் சரியாகப் பிடிக்காது.

இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயும் மரவள்ளியை நாசம் செய்தது. 1981-ல் பராகுவேயில் இதன் எதிரி கிடைத்தது. பெயர் அனகைரஸ் லோபெசி. கடுகளவு குளவி, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிட்டு, குளவியாகி வெளியே வரும். இதை ஆப்பிரிக்காவில் பரப்பும் வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

அதே குளவியை 2021-ல் பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. சோதனையெல்லாம் முடிந்து, 2022 மார்ச்சில் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். கத்தரி, தக்காளிக்குக் கட்டுகிற டிரைக்கோகிரம்மா முட்டை அட்டையைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும், அதனால் விற்கலாம். லோபெசி ஒரு தடவை நிலைத்துவிட்டால் தானே பெருகும், வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டுக்கும் போகும். யாருக்கு பில் போடுவது? இரண்டாவது தடவை ஆள் வராத சரக்கை எந்த வியாபாரி விற்பார்? மருந்துக்கு விளம்பரம் உண்டு, கடையில் கடனும் உண்டு. குளவிக்காகப் பேச ஏஜெண்ட் கிடையாது :-)

அதனால் இது அரசாங்கம்தான் செய்ய வேண்டிய வேலை. 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு போர்ட்டோ ரிகோவிலிருந்து குளவி வந்தபோதும் அரசு நிறுவனங்கள்தான் வளர்த்துப் பரப்பின.

ஆனால் விட்டதோடு வேலை முடியாது. நான் அடிக்கிற மருந்து பக்கத்துக் காட்டுக்காரரின் குளவியையும் கொல்லும். அந்த நஷ்டம் என் நோட்டில் ஏறாது. அதனால் மருந்தை நிறுத்துவதையும், பூச்சியில்லாத கரணையை நடுவதையும் ஊரே சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

"குளவி பெருகும்வரை கடன்காரன் காத்திருப்பானா?" என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அந்த ஒரு பட்டத்து நஷ்டத்தில் அரசும் பங்கு எடுக்கட்டும் என்பேன். குளவியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் செலவை விவசாயி தலையில் கட்டினால், அவர் மறுபடி மருந்துக் கடைக்குத்தான் போவார்.

நீங்க என்ன சொல்றீங்க?