நாட்டுடைமை நூல்: யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பிழைக்கு யார் பொறுப்பு?

சென்னை புத்தகக் காட்சியில் 'பொன்னியின் செல்வன்' தேடிப் போனவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். ஒரே நாவல், பல பதிப்பகங்கள், ஆளுக்கொரு விலை. "எல்லாம் ஒரே கதைதானே" என்று விலை குறைந்ததைக் கையில் எடுப்போம். உண்மையிலேயே எல்லாம் ஒன்றுதானா?

நாட்டுடைமைன்னா என்ன?

இந்தியாவில் ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவரது எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதற்கு முன்பே தமிழக அரசு குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைப் பெற்று, எல்லோருக்கும் பொதுவாக்குவதுதான் நாட்டுடைமை. 1949-ல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கியது இது. 2024-ல் கருணாநிதியின் நூல்கள், தொகை எதுவும் வாங்காமலேயே நாட்டுடைமை ஆகின.

யாருக்கு லாபம்?

முதல் லாபம் வாசகருக்கு. புத்தகம் மலிவாகக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பல நூல்களை இலவசமாகவே படிக்கலாம். பதிப்பகங்கள் ராயல்டி தர வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒருமுறை பணம் வரும், அதோடு சரி. இன்றும் நன்றாக விற்கும் எழுத்தாளர் என்றால் கணக்கு மாறிவிடும். 2009-ல் அரசு அறிவித்தபோது சுந்தர ராமசாமியின் குடும்பத்தினர் வேண்டாம் என்று சொன்னதும் உண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்த தொடர். மணியம் ஓவியங்களோடுதான் அன்றைய வாசகர்கள் அதைப் படித்தார்கள். இன்று ஒரு பதிப்பில் படம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அவசரமாகத் தட்டச்சு செய்த பதிப்பில் ஒரு வரி விடுபட்டாலும் கேட்க ஆள் இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான். தண்ணீர் எடுக்க எல்லோரும் வருவார்கள், தூர் வார ஒருத்தரும் வரமாட்டார்கள்.

சட்டம் கைவிடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி, எழுத்தாளரின் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் வாரிசுகள் வழக்குத் தொடரலாம். ஆனால் எழுத்துப் பிழைக்காக யார் கோர்ட் படி ஏறப்போகிறார்கள்?

அக்கறை எடுத்தால் என்ன நடக்கும்?

2000-ல் ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' நல்ல உதாரணம். கதைகள் முதலில் எந்த இதழில், எப்போது வந்தன என்று தேடி, பழைய பாடங்களோடு ஒப்பிட்டுச் செய்த வேலை அது. அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பும் பணமும் வேண்டும். நாட்டுடைமைக்கு ஒதுக்கும் தொகை குடும்பத்துக்குப் போகிறது. அதோடு ஒரு திருத்தமான மூலப்பாடத்தையும் அரசே தயாரித்து வெளியிட்டால், எல்லாப் பதிப்பகமும் அதைப் பார்த்தே அச்சிடலாம்.

அதுவரை வாசகர் என்ன செய்யலாம்?

வாங்கும் முன் முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறதா, எந்தப் பழைய பதிப்பைப் பின்பற்றியிருக்கிறார்கள், முழு நூலா, சுருக்கமா? இதெல்லாம் இருந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.