கொம்புத் திருக்கையும் வெண்பூச் செடியும்



கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலத்தில், ஆனைத் திருக்கை என்றும் கொம்புத் திருக்கை என்றும் அழைக்கப்படும் பெருமீனை முதன்முறையாகக் கரையில் கண்டேன். அகன்ற சிறகுகளையும் வாயருகே நீண்ட இரு கொம்புகளையும் கண்டு அஞ்சிப் பின்வாங்கினேன். "பயப்படாதீங்க சாமி, இதுக்கு முள்ளு கிடையாது" என்று நகைத்தார் மீனவப் பெரியவர் ஒருவர். உண்மைதான், ஏனைய திருக்கைகளின் வாலிலுள்ள நச்சுமுள் இதற்கு இல்லை. ஏழு மீட்டர் அகலம்வரை வளரக்கூடிய இவ்வுயிர், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டே வாழ்கிறது. கொம்புகளாகத் தோன்றுபவை இரையை வாய்க்குள் செலுத்தும் மடல்களேயாம்.

சில ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டுப் பங்கு ஒன்றுக்கு மாற்றப்பட்டேன். அங்கே கல்லறைத் தோட்டத்து வேலியோரம், வெண்ணிறச் சிறு பூக்களுடன் சில செடிகள் நின்றன. அழகாய்த்தானே இருக்கின்றன என்று விட்டுவிட்டேன். அடுத்த மழைக்குப் பின் சிறு சிலுவைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றை வெறுங்கையால் பிடுங்கிய கோயில்பிள்ளை, தோல் தடித்துச் சிவந்து பல வாரங்கள் அரிப்பால் வருந்தினார். அது என் அசட்டையால் நேர்ந்தது.

அச்செடிதான் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய இது, 1950-களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையோடு வந்திருக்கலாம் என்பர். முளைத்த ஒன்றிரண்டு மாதங்களில் பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் சிந்த வல்லது. அவையும் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

கொம்புத் திருக்கையின் கணக்கோ வேறு. ஓராண்டு காலம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகலாம். இதன் செவுள் தகடுகளை உலர்த்தி மருந்தென்று சீன நாட்டில் விற்கிறார்கள். அவ்வணிகத்தால் இவ்வினம் அருகவே, 2013-இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கை ஒன்றின் கட்டுப்பாட்டுக்குள் இது கொண்டுவரப்பட்டது. நான் அஞ்சியது இதைக் கண்டு. அழகென்று வளரவிட்டது அதை!

அன்று கரையில் அறுத்தபோது, சிறகுகளைச் சுருட்டியபடி வயிற்றுக்குள் ஒரு குட்டி கிடந்தது. "எப்பவும் ஒண்ணுதான் சாமி" என்றார் பெரியவர். அதன்பின் அவர் நெடுநேரம் பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து வேரோடு களைந்து வந்தோம். நான் மாற்றலாகி வந்த ஆண்டிலும் அது முளைத்துக்கொண்டுதான் இருந்தது.