நாய்க்கு உரிமம் இருக்கட்டும், ஆளுக்கு முகவரி?

மதுரைப் பக்கம் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்றொரு எழுதப்படாத சட்டம் இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம்! நாய்க்கும் சாதி பார்த்த மண்ணில், நாய் வளர்க்க அரசு உரிமம் தருவதை நான் சும்மா எதிர்க்க மாட்டேன். இது உன் நாய்தான் என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் கையில் இருப்பது நமக்குச் சின்ன விஷயமல்ல.

சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமக் கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லையென்றால் அபராதம் 5,000. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டால்தான் உரிமம் என்பது மிகச் சரி. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. விடியற்காலையில் தெருக்கூட்டப் போகிற நம் அம்மாக்களைத்தான் நாய் முதலில் கடிக்கிறது, காருக்குள் போகிறவரை அல்ல.

என் சண்டை அந்த விண்ணப்பத்தோடுதான். இணையத்தில் முகவரிச் சான்று, உரிமையாளர் படம், நாயின் படம், தடுப்பூசிச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். கண்ணகி நகரில் வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணை வேறொருவர் பெயரில் இருக்கும். ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விடப்பட்டவரின் ஆதாரில், இடித்துத் தள்ளிய குடிசையின் முகவரியே இன்னும் இருக்கலாம். குடிசையை இடித்ததும் அரசு, முகவரி கேட்பதும் அரசு. அண்ணா நகர்க்காரர் கைபேசியில் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு, இவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சென்டரில் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

இன்னொன்று. சேரியில் பாதி நாய்கள் யாருடையவையும் அல்ல, எல்லோருடையவையும்தான். நாலு வீட்டுச் சோறு தின்று தெருவைக் காக்கும் நாய்க்கு உரிமையாளர் யார்? படிவத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். சோறு வைத்த குற்றத்துக்காக ஒரு பாட்டியிடம் 5,000 கேட்டுவிடக் கூடாது.

அபராத நோட்டீஸ் வருவதற்கு முன்னால் வார்டு அலுவலகத்திலேயே விண்ணப்பம் வாங்க வேண்டும், ரேஷன் அட்டையைச் சான்றாக ஏற்க வேண்டும், முகாமை நம் குடியிருப்புக்கே கொண்டுவர வேண்டும். கவுன்சிலரிடம் மனு கொடுங்கள் தோழர்களே. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்தில் இரண்டு பேர் கைபேசியோடு உட்காருங்கள். புளியந்தோப்பு, திரு.வி.க. நகர் போன்ற இடங்களில் உள்ள மாநகராட்சிச் சிகிச்சை மையங்களில் ஊசியும் சிப்பும் இலவசம் என்பதை முதலில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.