மந்திரக் கயிறும் மருந்துப் பெட்டியும்

“குடித்தான், செத்தான், நமக்கென்ன?”

திண்ணையிலே சாய்ந்து, வெற்றிலை மடித்தபடி தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள் ஊரிலே உள்ள உத்தமர்கள்! சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். செத்தவன் ஏழை, அதுவே போதுமான சான்று அவர்களுக்கு!

ஒலக்கூர் வட்டாரத்து இளைஞர்கள் இந்தத் தீர்ப்பைக் காதாரக் கேட்டவர்கள். கிழக்கே கடலோரம் மரக்காணம், வடக்கே மதுராந்தகம், இடையிலே ஒலக்கூர். 2023 மே திங்களில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கத்துச் சிற்றூர்களிலும் சாராயம் என்ற பெயரிலே மெத்தனால் விற்கப்பட்டது. மாண்டோர் 20க்கும் மேல். அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை இதே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில், மாண்டோர் 60க்கும் மேல்! இழவு வீடு சென்றோம், பத்து இலட்சம் உதவித் தொகை அறிவித்தோம், தண்டனையை ஆயுள்வரை உயர்த்திச் சட்டம் திருத்தினோம். குற்றவாளியைத் தண்டிக்கட்டும், தடையில்லை. ஆனால் குடித்தவன் உயிரைக் காக்க ஊரிலே என்ன ஏற்பாடு என்று நாம் கேட்கிறோம்.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. முதலில் வெறும் போதைதான். பல மணி நேரத்தில், ஈரல் அதைச் சிறுகச் சிறுகப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. வயிறு வலிக்கும், மூச்சு இரைக்கும், கண் முன்னே வெண்புகை படர்ந்தது போலிருக்கும், பார்வை போகும், உயிரும் போகும். அந்த இடைவேளையிலே மருத்துவமனை சேர்ந்தவனுக்கு மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு, பிழைக்க வழியும் உண்டு. ஆனால் அவன் ஏன் வரவில்லை? போலீசுக்கு அஞ்சினான்; ஊர் ஏசுமென்று அஞ்சினான்; மருத்துவமனை வாசலிலே “குடிகாரப் பயலா?” என்ற கேள்விக்கு அஞ்சினான். நஞ்சு பாதி கொன்றது. நம் ஏச்சு மீதியைக் கொன்றது!

இது கள்ளச்சாராயக் கதை. கடைச் சரக்கின் கதையும் உண்டு. நாள்தோறும் குடித்தவனைக் கோயிலுக்கு இழுத்துச் சென்று, கையிலே மந்திரக் கயிறு கட்டி, “இனித் தொடமாட்டேன்” என்று சத்தியம் வாங்குகிறார்கள். திடீரென்று நிறுத்துகிறான். முதல் நாள் கை நடுங்குகிறது. இரண்டாம் நாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, இல்லாத குரல்கள் கேட்கின்றன. உடனே ஊர் கூடிச் சொல்கிறது: “சாமி குற்றம்! பேய் பிடித்துவிட்டது!” உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை அடிக்கிறது. பேயுமல்ல, பிசாசுமல்ல, தோழர்களே! மூளை பழகிவிட்ட சாராயம் திடீரென நின்றதன் விளைவு அது. உயிரையே பறிக்கக்கூடிய நிலை. வேண்டியது பூசாரியல்ல, மருத்துவர். விபூதியல்ல, வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயாமின் எனும் பி1 வைட்டமினும்!

இன்னொரு கூட்டம், குடிப்பவனுக்குத் தெரியாமல் சோற்றிலே கலந்து கொடுக்கச் சொல்லிப் பொடி விற்கிறது. அந்தப் பொடியிலே என்ன இருக்கிறதென்று வாங்கும் மனைவி அறியாள். குடிப்பதை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்பிராம் மாத்திரையைக்கூட, உண்பவன் அறிந்து, இசைந்து, கண்காணிப்பிலே உண்ணவேண்டும். அறியாமல் உண்டு, மேலே குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். தாலியைக் காக்க வாங்கிய பொடியே தாலிக்கு எமனாகலாம்!

வேறு வழி இல்லையா? உண்டு. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியிலே, சென்னை டி.டி.கே. மருத்துவமனையார் 1989 முதல் முகாம் நடத்தினர். பதினைந்து நாள், ஊருக்குள்ளேயே மருத்துவம், குடும்பத்தாருக்கும் அறிவுரை. நகரத்துக்கு வரமுடியாதவனை நோக்கி மருந்து நடந்து சென்றது. அதிசயமல்ல, அறிவு!

“குடிகாரனுக்கு உதவினால் குடி வளராதா?” என்பர் ஒழுக்கக் காவலர். 1986 இல் சென்னையிலே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோதும் “பாவத்தின் பலன்” என்றே பேசியது இக்கூட்டம். பாவம் பேசியவர்கள் ஒரு நோயைக்கூடக் குறைக்கவில்லை. ஆணுறையும், தூய ஊசியும், இரத்தப் பரிசோதனையும் குறைத்தன. நீந்தத் தெரியாமல் ஆற்றில் இறங்கியவனைக் கரையேற்றிய பிறகல்லவா கண்டிக்கவேண்டும்!

நம் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. 1937 இல் சேலத்தில் மதுவிலக்கு. 1948 இல் மாகாணம் முழுதும். 1971 இல் தளர்த்தினர். 1974 இல் மீண்டும் பூட்டினர். 1981 இல் மீண்டும் திறந்தனர். 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்தத் தொடங்கிற்று. சட்டம் சட்டை மாற்றியது. 1967க்குப் பிறகு மாற்றியவர்கள் நம் இயக்கத்தின் பெயர் சொன்னவர்களே! பூட்டியபோதும் திறந்தபோதும் நோயாளியை நினைத்தவர் சிலரே. கல்லாவுக்கு இருந்த கவனம் கட்டிலுக்கு இருந்ததில்லை. மாளிகையிலே சீமைச் சரக்கு அருந்தி வீழ்ந்தவன் ‘நோயாளி’; குடிசையிலே சாராயம் அருந்தி வீழ்ந்தவன் ‘பாவி’! நோயிலுமா வருணாசிரமம்?

2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2025 இல் ‘கலங்கரை’ என்ற பெயரிலே போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால் கலங்கரை விளக்கம் துறைமுகத்திலே நிற்கும். படகு தத்தளிப்பதோ ஒலக்கூரிலே! அன்றாடக் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, மாவட்டத் தலைநகருக்கு வா என்பது, வராதே என்பதன் மறுபெயர்.

ஆகவே நாம் கேட்பது: ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலே இதற்கென வாரம் ஒரு நாள், அங்கே தயாமினும் வலிப்பு மருந்தும், உதவி நாடி வருபவனைப் போலீசுக்குக் காட்டிக் கொடுப்பதில்லை என்ற உறுதி, வீடு தேடி வரும் மருந்துப் பையிலே இந்த நோய்க்கும் ஓர் இடம்.

இளைஞர் மன்றத்துத் தோழர்களுக்கும் வேலை உண்டு. உடுக்கைச் சத்தம் கேட்கும் வீட்டுக்குச் செல்லுங்கள். நடுங்கும் கையைப் பிடியுங்கள். கண் மங்குகிறது என்று குடித்தவன் சொன்னால், காரணம் கேட்டு நேரத்தைக் கொல்லாமல் 108ஐ அழையுங்கள். கடவுள் இல்லை என்று மேடையிலே முழங்குவது எளிது. கைவிடப்பட்டவன் வாசலிலே மருந்தோடு நிற்பதே கடினம், அதுவே பகுத்தறிவு!