இறுக்கச் சொல்லாதீங்க டீச்சர்!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, 'தினமும் அரைமணி நேரம் யோகா செய்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இன்னொரு சகோதரி, 'யோகா போய் இடுப்புப் பிடித்துக் கொண்டதுதான் மிச்சம்' என்று பதில் போட்டிருந்தார். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு வியாதியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. வீட்டு ஆம்பிளைகள் இந்தப் பக்கத்தைப் படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும், நல்லதுதான்.

எனக்கு 49 வயது. 11 வருஷமாகச் சிறுநீர்ப்பையில் வலி. நீர்க்கடுப்பு என்று எல்லாருக்கும் வந்து போகுமே, அது இல்லை. அது நாலு நாள் இருக்கும், மாத்திரை போட்டால் போய்விடும். இது போகாது. பை நிறைய நிறைய அடிவயிற்றில் ஒரு அழுத்தம், எரிச்சல். போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் ஆசுவாசம். உட்கார்ந்து ஒரு படி அரிசியில் கல் பொறுக்கி முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பம். பொதுவாக ஒருவர் பகலில் ஏழெட்டு தடவைக்குள் போவார். மோசமான நாளில் எனக்கு மணிக்கு இரண்டு தடவை. ராத்திரியும் ஐந்து, ஆறு தடவை எழுந்திருக்க வேண்டும். தூக்கம் என்பதே கிடையாது.

யூரின் டெஸ்ட் எடுத்தால் கிருமியே இருக்காது. 'உடம்பு சூடு' என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். பாவம், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். ஒரு டாக்டர், கல்ச்சர் எடுக்காமலே மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் எழுதினார். இன்னொருத்தர், 'வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?' என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை!

நாலு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு யூராலஜிஸ்ட்தான் பெயர் சொன்னார். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ். சிறுநீர்ப்பை வலி நோய் என்றும் சொல்கிறார்கள். கிருமியோ வேறு காரணமோ இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் இந்த மாதிரி வலியும் அவசரமும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டுமாம். அதற்கு முன் கல், சர்க்கரை, கட்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் காசநோய் சிறுநீர்ப்பையையும் பிடிக்கும் என்பதால் அதற்கும் தனியாக டெஸ்ட் எடுத்தார். புது வியாதி ஒன்றும் இல்லை. சிலருக்குப் பையின் உள்சுவரில் வருகிற புண்ணை 1915-லேயே ஹன்னர் என்ற அமெரிக்க டாக்டர் விவரித்து எழுதியிருக்கிறார். ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்குத்தான் அதிகம். 'அடியோடு போகிற வைத்தியம் இன்னும் வரலைம்மா, ஆனா கட்டுக்குள்ள வைக்கலாம்' என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழவில்லை. வியாதி மனசில் இல்லை, உடம்பில்தான் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

மாத்திரையோடு, உடம்பைத் தளர்த்துகிற பயிற்சியும் செய்யச் சொன்னார். எங்கள் ஊர் கல்யாண மண்டபம் ஒன்றில் லேடீஸுக்கு மட்டும் யோகா வகுப்பு நடந்தது, சேர்ந்தேன். முப்பது பேர். டீச்சர் நல்லவர்தான், சுறுசுறுப்பானவர். முதல் நாளே எல்லாருக்கும் கபாலபாதி 60 தடவை. அப்புறம் நௌகாசனம். கடைசியில் மூலபந்தம். 'இறுக்குங்க, இன்னும் இறுக்கி மேலே இழுங்க, விடாதீங்க' என்று மைக்கில் சொல்வார். மூன்றாம் நாள் ராத்திரி அடிவயிறு கல்லாக இறுகி, விடிய விடிய பாத்ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சொன்னதற்கு, 'ஆரம்பத்துல வலிக்கத்தான் செய்யும், பழகிடும்' என்றார். வகுப்பு நடுவில் பாத்ரூம் போக எழுந்தபோது, 'வீட்லயே போயிட்டு வரக்கூடாதா?' என்று அதே மைக்கில் கேட்டார். இருபத்தொன்பது தலையும் திரும்பியது. வீட்டில் போய்விட்டு வந்து இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதை மைக்கில் சொல்ல முடியுமா?

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இடுப்புக் கூட்டுக்குள், முன்னால் இருக்கிற எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், குழந்தைக்குக் கட்டுகிற தூளி மாதிரி தசை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்துக்கப்புறம் இந்தத் தூளி தொய்ந்து, இருமினால் தும்மினால் கசிகிறதே, அவர்களுக்கு இறுக்குகிற பயிற்சி நல்லது. 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற டாக்டர் எழுதியதால் அதற்குக் கெகல் பயிற்சி என்றே பெயர். ஆனால் என்னைப் போல வலி உள்ளவர்களில் பலருக்கு அந்தத் தசை ஏற்கெனவே மூடின கை மாதிரி இறுகிக் கிடக்கிறது. மூடின கையை இன்னும் இறுக்கினால்? அமெரிக்க யூராலஜி டாக்டர்கள் சங்கம் 2011-ல் வெளியிட்ட சிகிச்சை முறையிலேயே, இந்த வியாதிக்காரர்கள் கெகல் மாதிரி இறுக்குகிற பயிற்சியைத் தவிர்க்க வேண்டும், தசையைத் தளர்த்துகிற பிசியோதெரபிதான் வேண்டும் என்று இருக்கிறதாம்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒரே வகுப்பில், ஒரே பாயில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மருந்தாக இருப்பது மற்றவளுக்கு உபத்திரவம். அது தெரியாமல் முப்பது பேருக்கும் மைக்கில் 'இறுக்கு' என்று சொல்வது எந்த ஊர் யோகா?

நம் ஊர் யோகா அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவுக்கெல்லாம் பெரியம்மாவான ஒருவர். எழுபது தாண்டியவர், சென்னையில் இருந்தபோது கிருஷ்ணமாச்சாரியார் வழியில் யோகா படித்தவர். யோகாவில் பேர் பெற்ற கிருஷ்ணமாச்சாரியார் கடைசிக் காலம் வரை சென்னையில்தான் இருந்தார். நூறு வயதைக் கடந்து 1989-ல் காலமானார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் அங்கே கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை ஆரம்பித்தார். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்ற வேண்டும், ஆசனத்துக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் முறை என்பார் பெரியம்மா. கிருஷ்ணமாச்சாரியாரின் சீடர் பி.கே.எஸ். ஐயங்கார், முடியாதவர்களுக்காகத் தலையணை, நாற்காலி, கயிறு எல்லாம் வைத்துச் சொல்லிக் கொடுத்தவர். ஆக, மெதுவாகச் செய்வது ஏதோ சோம்பேறிகளுக்காக வந்த புது வழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

பெரியம்மா முதல் நாள் ஆசனமே சொல்லித்தரவில்லை. அரைமணி நேரம் கேள்விதான். எத்தனை தடவை போறே, எப்போ வலி ஜாஸ்தி, மாதவிலக்கு எப்படி, மலச்சிக்கல் உண்டா, பிரசவம் எப்படி, என்ன மாத்திரை. கடைசியில், 'பாவாடை நாடாவ எவ்வளவு இறுக்கமா கட்றே பாரு, மொதல்ல அத தளர்த்து' என்றார்! சிரிக்காதீர்கள் சகோதரிகளே. நம்மில் எத்தனை பேர் இடுப்பில் தடம் விழுகிற மாதிரி நாடாவைக் கட்டிக்கொண்டு 'மூச்சை வயிறு வரைக்கும் இழு' என்றால் இழுக்கப் பார்க்கிறோம்?

நான் செய்வதைச் சொல்கிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து பாயில் மல்லாக்கப் படுப்பேன். முழங்காலை மடக்கி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மூச்சைப் பார்ப்பேன். மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு சேர்ந்து அந்தத் தூளித் தசையும் இறங்கித் தளர்கிறது. வெளியே விடும்போது ஒன்றையும் இறுக்காமல் தானாக விட வேண்டும். இந்த 'தானாக விடுவது' எனக்குப் பிடிபட இரண்டு மாசம் ஆனது. பள்ளிக்கூட நாளிலிருந்து, 'வெளியில போனா அடக்கிக்கோ' என்று வளர்ந்த உடம்பு. பஸ் ஸ்டாண்டு கக்கூஸைப் பார்த்தாலே தானாக இறுகிக்கொள்கிற உடம்பு. விடு என்றால் உடனே விடுமா?

அப்புறம் இரண்டு பாதங்களையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து ஐந்து நிமிஷம். படுத்தபடி செய்கிற பத்தகோணாசனம் அது. தலையணை இல்லாமல் செய்தால் தொடை இழுத்துப் பிடித்து, செய்வதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். முழங்காலை அகட்டி, மார்புக்குக் கீழே ஒரு திண்டு வைத்து பாலாசனம். பூனை மாதிரி முதுகை மெல்லத் தூக்கி இறக்குவது நாலைந்து தடவை. கடைசியில் தரையில் படுத்துக் கால் இரண்டையும் நாற்காலி மேல் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம். வலி ஜாஸ்தியாக இருக்கிற நாளில் இந்தக் கடைசி மட்டும்தான். நடுவில் அவசரம் வந்தால் எழுந்து போய்விட்டு வருவேன். பெரியம்மா வீட்டில் பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

குணமாகிவிட்டதா என்றால், இல்லை. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாராவது யோகா மாஸ்டர் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். சாப்பாட்டையும் மாற்றினேன். எனக்கு ஒத்துக்கொள்ளாதது காபி, எலுமிச்சை, தக்காளி ரசம். கும்பகோணத்துக்காரி டிகிரி காபியை விட்ட கதையைத் தனியாக ஒரு கடிதமாகத்தான் எழுத வேண்டும்! மற்றவர்களுக்கு வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எழுதி வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பயந்துகொண்டு தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும். இப்போது ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்திருக்கிறேன். எது மாத்திரையால், எது யோகாவால், எது காபியை விட்டதால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மோசமான வாரங்கள் இன்னும் வருகின்றன. ஆனால் வலி வரும்போது முன்பு போலப் பல்லைக் கடித்து உடம்பு முழுக்க இறுகிக்கொள்வதில்லை. அது நிச்சயம் அந்தப் பாயில் கற்றதுதான்.

2015-லிருந்து வருஷா வருஷம் ஜூன் 21 அன்று யோகா தினம் கொண்டாடுகிறோம். மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே மாதிரி கை தூக்குவது பார்க்க அழகாக இருக்கிறது, ஒரு நாள் விழாவுக்கு அது சரி. தினசரி வகுப்பும் அதே மாதிரி நடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு எடுக்கிற சகோதரிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பணம் வாங்கும்போது பேர், வயசு, போன் நம்பர் எழுதுகிறீர்களே, கூடவே 'அடிவயிற்று வலி, சிறுநீர்ப் பிரச்னை, கர்ப்பப்பை ஆபரேஷன் உண்டா?' என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஐந்து நிமிஷம்தானே ஆகும்? ஒருத்தி நடுவில் எழுந்து போனால் போகட்டுமே! 'வலி இருக்கிறவங்க இறுக்க வேண்டாம், மூச்சை மட்டும் பாருங்க' என்று மைக்கில் ஒரு வரி சேர்த்தால், வெட்கப்பட்டுச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறவளும் தப்பிப்பாள்.

வலியை மறைத்து வைத்திருக்கிற சகோதரிகளுக்கும் ஒன்று. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், முதுகுப்புறம் வலி இருந்தால் யோகாவெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் போங்கள். டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்தும் வலி போகவில்லை என்றால், 'ஒண்ணும் இல்லை' என்பதோடு வீட்டுக்கு வந்துவிடாமல் யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

இந்த வலியோடு யோகா செய்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால், எது ஒத்துக்கொண்டது, எதை விட்டீர்கள் என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்களேன். பெயர் போட வேண்டாம் என்றால் ஆசிரியர் போட மாட்டார். என் பெயரையும் வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறேன். மருமகள் வரப்போகிற வீடு, பாருங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.