மந்திரியின் வாய்ச்சொல்லுக்கு ஜாமீன் யார்?

2021 ஆகஸ்டில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கூட்டத்தில், மத்திய வர்த்தக மந்திரி பியூஷ் கோயல், இணைய வியாபார விதிகளை ஆட்சேபித்த டாட்டா கம்பெனியைப் பேர் சொல்லியே தாக்கி, இந்திய முதலாளிகளின் போக்கு தேச நலனுக்கு விரோதமென்று பேசினார். கடுமையாகப் பேசியது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதும் நமது வேலையல்ல. பேச்சு மெய்யானால் மந்திரி ஆதாரம் காட்டியிருக்க வேண்டும். பொய்யானால் பகிரங்கமாக வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். நடந்ததென்ன? பேச்சின் காணொளியே பொதுஜனங்களின் பார்வையிலிருந்து அகற்றப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின!

பார்லிமெண்டுக்குள் பேசினால் அரசியல் சட்டத்தின் 105-வது ஷரத்து காப்பாற்றுகிறது. வெளியே பேசினாலோ, மந்திரியின் பேச்சை சர்க்காரின் தலையில் சுமத்த முடியாதென்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. சர்க்கார் காரில் வந்து, சர்க்கார் போலீஸ் காவலில் நின்று பேசிய பேச்சு மட்டும் அவருடைய சொந்தச் சரக்கா? அவதூறு வழக்கு இருக்கிறதே என்பார்கள். மந்திரியைப் பகைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி கோர்ட்டு ஏறும்?

நமது தென்னேரியில் பாவு வாங்கிய தறிக்காரர் சொன்ன நாளில் சேலையைக் கொடுக்காவிட்டால் அடுத்த பாவு கிடைப்பது சந்தேகம். அவர் சொல்லுக்கு அவர் வயிறே ஜாமீன். மேடையில் குற்றம் சாட்டுகிற மந்திரி ஆதாரத்தைப் பார்லிமெண்டு மேசையில் வைப்பாரா என்று, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தோழர்கள் கேட்க வேண்டுகிறோம்.