நிரையும் நிரலும்

கணிப்பொறி என்றாலே விலை மிகுந்த மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் நம் மாணவரிடையே நிலவுகிறது. இதை நான் ஏற்பதில்லை.

உலக வானிலை நிலையங்களுக்கு எண் உண்டு. நம் பாம்பனுக்கு 43363, தொண்டிக்கு 43361. பல நிலையங்களின் பதிவுகள் ஒரே எழுத்துக் கோப்பில் இருபது இலட்சம் வரிகளாக உள்ளன என்று கொள்வோம். எக்செல் தாள் 10,48,576 நிரைகளோடு நின்றுவிடும். ‘கிரெப்’ கட்டளையோ 43363 உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். ஆனால் வேறு நிரலில் அதே இலக்கங்கள் வந்தாலும் சேர்த்து அள்ளிவிடும்! ‘ஆக்’ அப்படியன்று. முதல் நிரலில் 43363 இருந்தால் மட்டும் நான்காம் நிரலின் மழையளவைக் காட்டு என்று அதற்கு ஒரே வரியில் ஆணையிடலாம். பதிவில்லாத நாளின் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் நிரல் பிசகும். அப்போது எழுத்தின் இடத்தை எண்ணி வெட்டும் ‘கட்’ கைகொடுக்கும். இவை லினக்சில் காசின்றிக் கிடைப்பவை. பழைய கணிப்பொறியிலும் ஓடும். ‘ஆக்’ 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அந்தக் கரையைச் சேர்ந்த நாம், நம் காற்றையும் மழையையும் பிறர் தொகுத்துத் தரும்வரை காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. இயற்பியல், விலங்கியல் மாணவர்க்கும் செய்முறை வகுப்பில் இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாம்பன் பதிவுகளிலிருந்தே தொடங்கலாம்.